ஜெர்மனி மாப்பிள்ளையின் மெதுவான மிஷின்

"மாட்டிக்கிட்டான்! செவ்வந்தி, பையன் டூப்பு!" என்று கத்தியபடி மேஜையை ஓங்கித் தட்டினேன். மேஜையின் ஒரு கால் கழன்று விழுந்தது. சரிந்த லேப்டாப்பைச் செவ்வந்தி பாய்ந்து பிடித்தாள்.

"டூப்பு பையனா, மேஜையா சார்?"

என் பெயர் மீரா உசேன். தஞ்சாவூர் கீழவாசலில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேலே 'கழுகுக் கண் துப்பறியும் நிறுவனம்' என்று ஒரு பலகை தொங்குகிறதே, அதன் முதலாளி நான்தான். கழுகு வரையச் சொன்னால் பெயிண்டர் ஆந்தையை வரைந்து வைத்துவிட்டார். ஆந்தைக்கும் கண் பெரியதுதானே என்று விட்டுவிட்டேன். துபாய் மால் ஒன்றில் கேமரா பார்க்கும் வேலையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன். கொலை, கொள்ளை, கடத்தல் என்று கனவு கண்டு ஊருக்கு வந்து கடை திறந்தேன். வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. டெல்டாவில் வீட்டுக்கு ஒரு பையன் வெளிநாட்டில் இருக்கிறான். 'மேனேஜர்' என்று ஜாதகத்தோடு வருகிறவர் அங்கே உண்மையில் மேனேஜரா, மேனேஜருக்கு டீ கொடுக்கிறவரா என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதிலும் நான் பெரிய புலி இல்லை. போன வருஷம் ஒரு மாப்பிள்ளை மொடாக்குடியன் என்று அடித்துச் சொன்னேன். அவர் கையில் இருந்தது நன்னாரி சர்பத். அந்தக் கதை இன்னும் பேருந்து நிலையத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

செவ்வந்தி என் உதவியாளர். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம். இயற்பியல் படித்தவள். அடுத்தவர் வயலில் நடவு நட்ட அம்மா, இப்போது சொந்த வயலில் நடுகிறார். மகள் என்னிடம் வந்து மாட்டிக்கொண்டாள். தன் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு அதுதான் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள்.

"என்ன மாட்டிக்கிட்டான்? வெவரமா சொல்லுங்க சார்," என்றாள்.

விவரம் இதுதான். அதிராம்பட்டினத்துக்காரர் ஷேக் பரீத் ஹாஜியார், பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகள் ஹாஃபிஸாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் பெயர் அப்சர், முத்துப்பேட்டை. ஜெர்மனியில் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை என்று சொல்லியிருந்தான். எல்லாம் கூடி வந்த நேரத்தில், போன வியாழக்கிழமை ஹாஜியாருக்கு ஒரு மொட்டை போன். பேசியவன் அப்சர் சொன்ன அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவனாம். அவன் சொன்னதை ஹாஜியார் எங்களிடம் வந்து ஒப்பித்தார்:

"அந்த மிஷின் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள கோடி கணக்குப் போடுமாம். ஒலகத்துல அத மிஞ்சுன வேகமே இல்லியாம். இவன் அந்த வாசல்ல கூட ஏறுனதில்லயாம், எங்கயோ துணிக்கடையில நிக்கிறானாம். போதாக்குறைக்கு, கல்யாணம் ஆன கையோட பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிருவானாம். விசாரிச்சுச் சொல்லுங்க பாய். ஒங்க வாயில என்ன வருதோ அதுதான் முடிவு."

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க வருகிறார்கள். அதற்குள் நான் போய் 'நல்லவன்' என்றால் கல்யாணம். 'டூப்பு' என்றால் எல்லாம் போச்சு. அந்த ஊரில் பேச்சு முறிந்த பெண் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அடுத்த பேச்சு வருவதற்குள் பெண்ணுக்கு நரை தட்டிவிடும்.

அதனால்தான் அப்சரோடு வீடியோவில் பேசினேன். பத்திரிகை நிருபர் வேஷம் போட்டுக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன், "பொண்ணு வீட்டு விசாரணையா சார்? தாராளமா கேளுங்க," என்றான். வேஷம் அங்கேயே கலைந்துவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை.

"என்ன வேலை?"

"அயனிய வெச்சுக் கணக்குப் போடுற வேல சார். ஒரு அணுவுலருந்து ஒரு எலெக்ட்ரானப் பிடுங்கிட்டா மிச்சம் இருக்குறதுதான் அயனி. காத்தே இல்லாத பெட்டிக்குள்ள, மின்சாரத்தால வேலி போட்டு அத அந்தரத்துல வரிசையா நிறுத்தியிருப்போம். லேசரால தொட்டுத் தொட்டுக் கணக்கு."

"மிஷின் எவ்வளவு வேகம்?"

அவன் சிரித்தான். "ரொம்ப ஸ்லோ சார். எங்க அயனி ரெண்டு சேந்து ஒரு கணக்குப் போடுறதுக்குள்ள, சில்லுல, அதான் சிப்புல, செய்யுற குவாண்டம் கம்ப்யூட்டர் ஆயிரம் போட்டு முடிச்சிரும்."

குவாண்டம் கம்ப்யூட்டர் மெதுவா? எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் 'அசுர வேகம்' என்றுதான் போட்டிருக்கிறான். தன் மிஷின் எவ்வளவு வேகம் என்றே தெரியாதவன் அதில் வேலை பார்க்கிறானாம். துணிக்கடைதான். சந்தேகமே இல்லை.

"ஹாஜியாருக்கு இப்பவே போன் போடுறேன்," என்று செல்லை எடுத்தேன்.

செவ்வந்தி அதைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "சார், சர்பத்த ஞாபகம் வெச்சுக்குங்க. நேர்லயே போவோம். போற வழியில நான் எங்க மேடத்துகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேன்."

சர்பத் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

*

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். செவ்வந்திதான் ஓட்டினாள். நான் ஓட்டினால் மாப்பிள்ளை வீட்டார் தேதி குறித்துச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். ஒரத்தநாடு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். ரோட்டின் இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. செவ்வந்தி தனக்குப் பாடம் எடுத்த எழில்மொழி மேடத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். மேடம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை.

நான் மிடுக்காக, "மேடம், குவாண்டம் கம்ப்யூட்டர் மெதுவுன்னு ஒருத்தன் சொல்றான். பொய்தானே?" என்றேன்.

"என்ன வகை? பொறியில பிடிச்ச அயனியா?"

"ஆமா."

"அப்பன்னா உண்மையத்தான் சொல்லியிருக்கான்."

டீ எனக்குப் புரையேறியது. செவ்வந்தி என் முதுகில் தட்டினாள். தேவைக்கு மேலேயே பலமாகத் தட்டினாள்.

"சில்லு மிஷினுக்கு நானோசெகண்ட் கணக்கு," என்றார் மேடம். "அயனிக்கு அதப்போல ஆயிரம் மடங்கு, மைக்ரோசெகண்ட் கணக்கு. ரெண்டு அயனி சேந்து ஒரு வேல செய்யணும்னா பத்து மைக்ரோசெகண்ட், நூறு, அதுக்கு மேல கூட ஆகும். அவங்க ஆளுங்க மொதல்ல ஒத்துக்குற கொறையே அதுதான்."

"ஏன் மேடம் அவ்வளவு மெதுவு?"

"ரெண்டும் நேரா பேசிக்காதுங்க. மொத்த வரிசையும் லேசா ஆடும், அந்த ஆட்டத்து வழியாத்தான் ஒண்ணுக்கு இன்னொண்ணு சேதி சொல்லும். அந்த ஆட்டத்துக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அத மீறி வேகமாத் தள்ளுனா வரிசை முழுக்கக் குலுங்கிப் போயிரும், கணக்கும் தப்பாயிரும். அப்பறம் லேசர வெச்சு திரும்பக் குளிரவெச்சு அடக்கணும். எடம் மாத்துறதுக்கு, குளிரவெக்கிறதுக்கு, விடையப் படிக்கிறதுக்குன்னே பாதி நேரம் போயிரும். வேகமா செஞ்சு காட்டுனவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா தப்பில்லாம, தெனம் தெனம் அப்படிச் செய்ய இன்னும் வரல."

செவ்வந்தி வயலைக் காட்டினாள். "கயிறு கட்டி நடுற மாதிரி சார். ஒருத்தி மட்டும் முந்துனா வரிசையே கோணலாயிரும். எல்லாரும் நட்டாத்தான் கயிறு நகரும்."

"அப்ப இந்த ஆமைய எதுக்குக் கட்டிக்கிட்டு அழுவுறாங்க?" என்றேன்.

"ஞாபகம் சார், ஞாபகம்," என்றார் மேடம். "சில்லு வேகமாப் போடும், வேகமா மறந்துரும். அயனி ரொம்ப நேரம் மறக்காது, தப்பும் கம்மி. தப்பு கம்மியா இருந்தா அதத் திருத்துறதுக்குச் செய்யுற வேலையும் கொறையும். கடைசியில யாரு முந்துவாங்கன்னு இன்னும் சண்டைதான். பையன் பேரு என்ன சொன்னீங்க? ஆங், இருங்க... அயனியப் பத்தின ஆய்வுக் கட்டுரையில போட்டோவோட இருக்கானே. சிவப்பா, மூக்குக் கண்ணாடி போட்டு. இத நீங்களே மொதல்ல தேடிப் பாத்துருக்கலாமே?"

"பாத்துருக்கலாம் மேடம்," என்றாள் செவ்வந்தி. "ஆனா சார் நிருபர் வேஷத்துல பிசியா இருந்தாரு."

மூக்குடைபடுவது எனக்கு ஒன்றும் புதிது இல்லை. உடைந்த மூக்கோடு யோசித்தேன். பையன் நல்லவன் என்றால் மொட்டை போன்காரன் யார்?

செவ்வந்தி அதற்குள் பிடித்துவிட்டாள். "சார், அந்த போன்காரன் என்ன சொன்னான்? 'ஒலகத்துல அத மிஞ்சுன வேகமே இல்ல'ன்னான். அங்க வேல பாத்தவன் அப்படிச் சொல்லவே மாட்டான்னு மேடம் சொல்றாங்க. அப்ப அவன் ஜெர்மனியுமில்ல, ஆய்வுக்கூடமும் இல்ல. உங்கள மாதிரியே பேப்பர் படிச்சிட்டுப் பேசுன ஆளு."

"என்ன மாதிரின்னு ஏன் நடுவுல இழுக்குற?"

"சும்மா ஒரு ஒப்புமைக்கு சார்."

*

அதிராம்பட்டினத்தில் ஹாஜியார் வீட்டு முன்னால் போய் இறங்கினோம். பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீடு. மேல்மாடி வரை கட்டி, பெயிண்ட் வாசம் கூடப் போகவில்லை. ஜன்னல்களில் இன்னும் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது.

"இது யாருக்கு சார்?" என்றாள் செவ்வந்தி.

"பொண்ணுக்குத்தான். இந்த ஊரு வழக்கம். கல்யாணம் ஆனா பொண்ணு மாப்ள வீட்டுக்குப் போவாது. மாப்ளதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு. பொண்ணு பொறந்ததுலருந்தே அதுக்குன்னு ஒரு வீட்டுக்கு வாப்பாமாருங்க கல்லு சேப்பாங்க. மாப்ள துபாய், மலேசியான்னு போவாரு, வருவாரு. பொண்ணு இங்கயே..."

பாதியில் நிறுத்திவிட்டேன். என் மண்டையில் ஏதோ ஓடியது. அபூர்வமான சம்பவம்தான். செவ்வந்தி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"என்ன சார், மயக்கம் வருதா?"

"செவ்வந்தி, அந்த மொட்டை போன்ல கடைசியா என்ன குத்தம் சொன்னான்? 'பொண்ணையும் கூட்டிக்கிட்டுப் போயிருவான்.' கட்டுனவளக் கூட்டிக்கிட்டுப் போறது எந்த ஊருல குத்தம்? பொறாமையில பேசுறவன் குடிப்பான், சீட்டாடுவான்னு சொல்லுவான். இதப் போயிக் குத்தம்னு சொல்றவன் யாரு? இது யாருக்கு வலிக்கும்?"

அவள் புது வீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார்," என்றாள் மெதுவாக, "அந்தப் போனு வந்தத நம்ம காதால கேட்டோமா?"

கேட்கவில்லை. போன் வந்ததாகச் சொன்னவர் ஒரே ஒருவர். கட்சிக்காரர் சொன்னதை அப்படியே நம்பி, யாரையோ தேடி ஜெர்மனி வரைக்கும் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

ஷேக் பரீத் ஹாஜியார் புது வீட்டின் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். விருந்தாளிகளுக்குப் பாய் விரித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் ஆவலோடு வந்தார். "என்ன பாய், பையன் டூப்புதானே?"

"பையன் உண்ம ஹாஜியார். மிஷினும் உண்ம. போன்தான் டூப்பு."

அவர் முகம் மாறியது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"எப்புடிக் கண்டுபிடிச்சீங்க?" அவர் குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. "ஒங்களால முடியாதுன்னு சொன்னாங்களே."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்தான். திருச்சியில பெரிய ஏஜென்சி இருக்கு பாய். அங்க போனா உண்மையக் கண்டுபிடிச்சிருவாங்களேன்னு பயந்தேன். சர்பத் கதையக் கேள்விப்பட்டுத்தான் ஒங்கள்ட்ட வந்தேன். மிஷின் வேகம்னு ரெண்டு வார்த்த போட்டா நீங்களே பையன டூப்புன்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

செவ்வந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. என் தொழில் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளர் இவ்வளவு நம்பிக்கையோடு என்னைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை.

ஹாஜியார் பாயில் உட்கார்ந்தார். "இந்தப் புள்ள பொறந்தப்ப நான் துபாயில. நடந்தது, பேசுனது எதையும் பாக்கல. லீவுல வந்தா 'யாரு இது'ன்னு உம்மா பின்னாடி ஒளிஞ்சுக்கும். வந்து சேந்துட்டேன், இனிமே கூடவே இருக்கலாம்னு இந்த வீட்டக் கட்டுனேன். அவ உம்மா இதப் பாக்காமயே மவுத்தாயிட்டா. இப்ப இவளும் போறேங்குறா. நான் போனப்ப நியாயமாத் தெரிஞ்சுச்சு பாய். இவ போறப்ப மட்டும் நெஞ்சு அடைக்குது."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "டூப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருங்க. ஒங்க பேருக்கு ஒண்ணும் ஆயிறாது."

அதுவும் உண்மைதான். என் பேருக்கு ஆவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அவர் கை சில்லென்றிருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. ஒரு நொடி, அவருக்காகப் பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"என்னால முடியாது ஹாஜியார்," என்றேன். "சும்மாவே எனக்குத் தப்புத் தப்பாத்தான் வரும். தெரிஞ்சே ஒரு தப்ப எப்புடிச் சொல்லுவேன்? போன் வந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. அது பொய்யின்னும் நீங்களே சொல்லிருங்க. எப்புடிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லுங்க, நான் குறுக்க வர மாட்டேன்."

வெளியே கார்க் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள்.

*

கூடம் நிறைந்தது. சலாம் சொல்லிக்கொண்டார்கள், ரோஸ்மில்க் வந்தது. அப்சரின் வாப்பா தயக்கத்தோடு கேட்டார்: "யாரோ போன் பண்ணாங்கன்னு சொன்னீங்களே, விசாரிச்சீங்களா?"

எல்லாருடைய கண்ணும் என் மேல் திரும்பியது. உள் கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு வளையல் கை அசையாமல் நின்றது. நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். செவ்வந்தி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், நான் அவசரப்பட்டு எதையாவது உளறிவிடக் கூடாதே என்று.

"விசாரிச்சாச்சு," என்றார் ஹாஜியார் கடைசியில். "அந்த போனு பொய். ஏதோ வயித்தெரிச்சல் புடிச்ச கெழவன் செஞ்ச வேல. மாப்ள தங்கம். தேதி குறிங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்று கூடம் முழுக்க ஒரே குரல். அவரும் அதைச் சொன்னார். கண்ணைத் துடைத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்ணைப் பெற்றவர், அழாமல் இருப்பாரா?

நாங்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஸ்கூட்டரை எடுக்கும்போது ஹாஃபிஸா ஒரு டப்பாவில் வட்டலாப்ப இனிப்போடு வாசலுக்கு வந்தாள்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க சார்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேக்கணும். வாப்பாவுக்கு வியாழக்கிழம போன் வந்துச்சுன்னு சொன்னாருல்ல? அன்னிக்கு அவரு செல்லு டிஸ்ப்ளே ஒடஞ்சு, பட்டுக்கோட்டையில கடையில கெடந்துச்சு. நான்தான் கொண்டு போயிக் குடுத்தேன்."

செவ்வந்தி என்னைப் பார்த்தாள். அயனி, லேசர், நானோசெகண்ட் என்று இயற்பியலையே கலக்கி வந்திருக்கிறோம். இந்த வீட்டில் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டீ குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு.

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்றேன், அசடு வழிந்தபடி.

"தெரியும் சார்."

"அப்பறம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா வாப்பா எம் மொகத்துல எப்புடி முழிப்பாரு?"

"சரி, நான் பாட்டுக்கு வந்து, பையன் டூப்புன்னு சொல்லியிருந்தா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் ஹாஜியார் சம்பந்திக்குத் தானே குனிந்து சோறு வைத்துக்கொண்டிருந்தார்.

"சரின்னுட்டு இருந்துருப்பேன் சார்," என்றாள். "அவரு அவ்வளவு தூரம் பொய் சொல்றாருன்னா எவ்வளவு பயந்துருப்பாரு! எனக்குப் போவணும்னு ஆசதான். அதுக்காக அவரக் காட்டிக் குடுக்க முடியல. நீங்க வந்து என்ன சொல்றீங்களோ, அதுதான் எனக்கு எழுதுனதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

சலாம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அப்படியே நின்றேன். காலையில் செவ்வந்தி பிடுங்காமல் என் செல் மட்டும் என் கையிலேயே இருந்திருந்தால், அந்தப் பெண் வாயைத் திறக்காமல் இந்த ஊரிலேயே இருந்திருப்பாள். அப்பனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் என் ஒரு சொல்லை நம்பி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். யா அல்லாஹ், என்னையா!

"செவ்வந்தி," என்றேன், "ஏதாவது கிண்டலா சொல்லேன்."

"வரல சார்," என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.